வசூல் நான்கு மடங்கு, பாக்கிப் பட்டியல் காலி: ஒரு புள்ளிக் கணக்கின் தரவுத்தளச் சிக்கல்கள்

தேவகோட்டைக்கு அருகிலுள்ள தம் ஊரின் புள்ளிக் கணக்கை, அதாவது திருமணமான தம்பதிக்கு ஒன்றாக எண்ணி வரி விதிக்கும் ஊர்க் கணக்கை, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றியிருக்கும் நண்பர் ஒருவர் பல குறைகளை அடுக்கிக் கேட்டிருக்கிறார். ரசீதுப் புத்தகத்தின்படி இந்த ஆண்டுப் புள்ளி வரி வசூல் 6,38,000 ரூபாய். கணினியோ 24,71,000 ரூபாய் என்கிறது. இரட்டிப்பை நீக்கலாம் என்று 'டிஸ்டிங்ட்' என்ற சொல்லைச் சேர்த்ததும் தொகை 3,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இதுவரை எதுவுமே செலுத்தாதவர்களின் பட்டியலைக் கேட்டால் ஒரு பெயர்கூட வருவதில்லை. புதிய வழங்கிக்கு (சர்வருக்கு) மாறிய பிறகு பல பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிட்டன. பழைய ஆண்டுகளின் ரசீதுகளை எக்செல்லிலிருந்து ஏற்றிப் பெயரை வைத்து இணைக்கலாமா என்ற ஐயம் ஒருபுறம்; பட்டியல் பக்கம் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்ற வருத்தம் மறுபுறம். கடைசியாக, மென்பொருளையே மாற்றிவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்: தவறாகக் கணக்கிடுவது மென்பொருளா, அல்லது தாம் கேட்ட விதத்தில்தான் தவறு இருக்கிறதா?

காரைக்குடியில் இருந்துகொண்டு இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் தரவுத்தளம் அமைத்தும் பழுதுபார்த்தும் கொடுத்து வருகிறேன். நண்பரே, உங்கள் அட்டவணைகளை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் ஒட்டியிருக்கும் இரண்டு வினவல்களை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளைகளை, மட்டுமே பார்த்தேன். ஆகவே வசூல் தொகை பெருகியதற்கும் பட்டியல் காலியாக வந்ததற்கும் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியும்; கேள்விக்குறிகளின் காரணம் நீங்கள் செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனையைப் பொறுத்தது; பக்கம் தாமதமாகத் திறப்பதைப் பற்றி நான் சொல்லப்போவது அனுபவத்தில் எழுந்த ஊகம் மட்டுமே. மென்பொருள் தவறு செய்யவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செட்டிநாட்டுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நகரத்தார் ஊர்களிலும், இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய அவர்களுடைய ஒன்பது நகரக் கோவில்களிலும் தலையை எண்ணிக் கணக்கெடுப்பதில்லை, புள்ளியை எண்ணுகிறார்கள். திருமணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. மகனுக்குத் திருமணமானால் அவன் தந்தையோடு ஒரே வளவில் (வீட்டில்) இருந்தாலும் புதிதாக ஒரு புள்ளி உண்டாகிறது. ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று விதிப்பதே புள்ளி வரி. அதாவது, கணினி வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, எதை ஒன்று என்று எண்ணுவது என்ற கேள்விக்கு உங்கள் ஊரார் ஐயத்துக்கு இடமில்லாத விடை வைத்திருந்தார்கள். தரவுத்தளத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: இந்த அட்டவணையில் ஒரு வரிசை என்பது எது? உங்களிடம் மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. புள்ளி அட்டவணையில் ஒரு வரிசை ஒரு புள்ளி. அப்படி 412 வரிசைகள். உறுப்பினர் அட்டவணையில் ஒரு வரிசை ஓர் ஆள். வசூல் அட்டவணையில் ஒரு வரிசை ஒரு ரசீது. ஒரு புள்ளி இரண்டு தவணைகளாகக் கொடுத்திருந்தால் அதற்கு இரண்டு ரசீதுகள். மூன்று அட்டவணைகளுக்கும் மூன்று அளவைகள். தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் மாதிரியை 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபடி முன்வைத்த எட்கர் காட், அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் உண்மையான ஒரு கூற்றாகப் பார்க்க இடம் தந்தார். 'இன்ன புள்ளி இன்ன நாளில் இவ்வளவு செலுத்தியது' என்பது உங்கள் வசூல் அட்டவணையின் கூற்று. அந்தக் கூற்றை உரக்கச் சொல்லிப் பார்க்காமல் எழுதப்படும் வினவல்களில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

உங்கள் முதல் வினவலில் மூன்று அட்டவணைகளையும் புள்ளி எண்ணால் இணைத்துவிட்டு, தொகையைக் கூட்டச் சொல்லியிருக்கிறீர்கள். குடும்பத் தலைவரின் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டும் என்பதற்காகவே உறுப்பினர் அட்டவணையைச் சேர்த்தீர்கள் என்று தெரிகிறது. ஆனால் இணைப்பு என்பது தேவையான ஒருவரை மட்டும் எடுத்துத் தருவதில்லை. பொருந்துகிற ஒவ்வொன்றையும் பொருந்துகிற ஒவ்வொன்றோடும் சேர்த்து வைக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு உறுப்பினர்கள் உள்ள ஒரு புள்ளி தலா 1,000 ரூபாயாக இரண்டு தவணை கட்டியிருந்தால், இணைத்த பிறகு அந்தப் புள்ளிக்கு எட்டு வரிசைகள் நிற்கும். அவர் கொடுத்த 2,000 ரூபாய் கூட்டலில் 8,000 ஆகும். 24,71,000ஐ 6,38,000ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 3.87 வரும். ரசீது ஒவ்வொன்றும் சராசரியாக அத்தனை முறை எண்ணப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். குடும்பத்துக்கு நான்கு பேர் என்ற வழக்கமான கணக்கோடு அது ஒத்துப்போகிறது. அப்படியானால் நான்கால் வகுத்துவிடலாமே என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கு வீடு ஆள் எண்ணிக்கை மாறும். அதோடு, உறுப்பினர் விவரம் இன்னும் பதிவாகாத புள்ளி ஏதேனும் இருந்தால், அது வரி கட்டியிருந்தும் இந்த இணைப்பிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஒரே வினவல் சிலருடைய பணத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, வேறு சிலருடையதை மறைத்துவிடுகிறது.

3,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போது சொல்லிவிடலாம். தொகைக்கு முன்னால் 'டிஸ்டிங்ட்' போட்டால், வேறுபட்ட தொகைகளை மட்டும் ஒவ்வொரு முறை கூட்டு என்று பொருள். உங்கள் ரசீதுகளில் இருப்பவை இரண்டே தொகைகள்: தவணையாகக் கட்டியவர்களுக்கு 1,000, ஒரே முறையில் கட்டியவர்களுக்கு 2,000. இரண்டையும் கூட்டினால் 3,000. எல்லாருக்கும் ஒரே வரி என்ற உங்கள் ஊர் நியாயம் இந்தச் சொல்லை அறவே பயனற்றதாக்கிவிட்டது. அது உங்கள் நல்ல காலம் என்றே சொல்வேன். தொகைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தால், விடை உண்மைக்கு அருகில் வந்து நின்றிருக்கும், நீங்களும் அதை நம்பியிருப்பீர்கள். எங்கள் பக்கத்துத் தரை ஓடு தொழிற்கூடம் ஒன்றில் ஆத்தங்குடிக் கல் விற்பனைக் கணக்கு இப்படித்தான் இரண்டு ஆண்டுகள் சிறிது குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஒரே விலைக்குப் போன இரண்டு விற்பனைப் பட்டியல்களில் (பில்களில்) ஒன்று விழுங்கப்பட்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. இணைத்த பிறகு வரிசைகள் பெருகும்போது 'டிஸ்டிங்ட்' போடுவது, கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பது போன்றது. நானும் வைத்திருக்கிறேன்.

சரியான வழி, இணைப்பதற்கு முன்பே கூட்டிவிடுவது. வசூல் அட்டவணையை மட்டும் தனியே எடுத்து, புள்ளி எண் வாரியாகத் தொகுத்துக் கூட்டுங்கள். அந்த உள்வினவலின் விடையில் ஒரு வரிசை ஒரு புள்ளியாகிவிடும். அதைப் புள்ளி அட்டவணையோடு 'லெஃப்ட் ஜாயின்' (பொருத்தம் இல்லாவிட்டாலும் இடப்பக்க வரிசைகளைக் கைவிடாத இணைப்பு) வழியாக இணைத்தால் 412 வரிசைகள் 412ஆகவே நிற்கும். தலைவரின் கைபேசி எண் வேண்டுமானால், உறுப்பினர் அட்டவணையில் தலைவர் என்று குறிக்கப்பட்டவரை மட்டும் வடிகட்டி இணையுங்கள். ஒரு புள்ளிக்கு இரண்டு தலைவர்கள் தவறுதலாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் சேர்க்கும் முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். 412 என்பது 413 ஆனால்கூட அங்கேயே நின்றுவிடுவேன். இன்னொன்று: புதிய வழங்கியில் 'குரூப் பை' என்று வரிசைகளைத் தொகுக்கும் வினவல் ஒன்று 1055 என்ற பிழை எண்ணைக் காட்டுவதாகவும், அமைப்பிலுள்ள கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் அந்தக் கட்டுப்பாடு இயல்பாகவே இருக்கிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் யாருடைய கைபேசி எண்ணைக் காட்டுவது என்று நீங்கள் சொல்லவில்லை என்பதையே அந்தப் பிழை தெரிவிக்கிறது; கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால், தரவுத்தளம் தன் விருப்பம்போல் யாரேனும் ஒருவருடைய எண்ணைக் காட்டும்.

அடுத்து, காலியாக வரும் பட்டியல். 'வசூல் அட்டவணையில் இல்லாத புள்ளி எண்கள்' என்று 'நாட் இன்' கொண்டு கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்தியில்தான் காரணம் இருக்கிறது: திருவிழாவுக்கு வந்த உபயத் தொகைகளையும் அதே வசூல் அட்டவணையில் பதிந்திருக்கிறீர்கள், அவற்றுக்குப் புள்ளி எண் இல்லாததால் அந்தப் புலத்தை (கட்டத்தை) வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். அந்த வெறுமைக்குத் தரவுத்தளத்தில் 'நல்' என்று பெயர். தமிழில் எழுதும்போது நன்மையோடு தொடர்புடைய சொல் போலத் தோன்றும். புதிதாக வருபவர்களுக்கு அதனால் நேர்வதெல்லாம் துன்பமே. நல் என்பது சுழியமும் அன்று, வெற்றுச் சொல்லும் அன்று; அதன் பொருள் 'தெரியாது' என்பது. இப்போது தரவுத்தளத்தின் இடத்தில் நின்று பாருங்கள். புள்ளி எண் 57 இந்தப் பட்டியலில் இல்லை என்று சான்று கொடுக்கச் சொல்கிறீர்கள். பட்டியலில் உள்ள ஒரு ரசீது யாருடையது என்று தெரியாது. அது 57ஆம் புள்ளியினுடையதாகவும் இருக்கக்கூடும். ஆகவே இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. தெரியாது என்றே சொல்ல முடியும். உறுதியாக உண்மை என்று தீர்ந்த வரிசைகளை மட்டுமே வினவல் வெளியே விடும் என்பதால், ரசீதே இல்லாத புள்ளிகள் அனைத்தும் அதே ஐயத்தில் தங்கிவிடுகின்றன; ரசீது உள்ளவை எப்படியும் பட்டியலில் வரமாட்டா. உரிமையாளர் தெரியாத ஒரே ஒரு ரசீது இருந்தால் போதும், பட்டியல் முழுவதும் காலியாகிவிடும். பழைய காலத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்திருந்தாலும், பெயரில்லாத ஒரு வரவு பேரேட்டில் நிற்கும்வரை யாரையும் பாக்கிதாரர் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க மாட்டார்.

'நாட் இன்' என்பதற்குப் பதிலாக 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள். இந்தப் புள்ளி எண்ணோடு பொருந்துகிற ரசீது ஏதேனும் இருக்கிறதா என்று மட்டுமே அது தேடும். எண் இல்லாத உபய ரசீதுகள் எதனோடும் பொருந்தமாட்டா என்பதால் அவை குறுக்கே வருவதில்லை. 'லெஃப்ட் ஜாயின்' செய்து, வலப்பக்கம் நல்லாக இருப்பவற்றை எடுப்பது மற்றொரு வழி. அந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு: நடப்பு ஆண்டு என்ற நிபந்தனையை, வரிசைகளை வடிகட்டும் 'வேர்' பகுதியில் எழுதினால், ரசீதே இல்லாத புள்ளிகளுக்கு ஆண்டும் நல்லாக இருப்பதால் அவை கழிந்துபோகும், நீங்கள் தேடுபவர்களே கழிந்துபோவார்கள். வலப்பக்க அட்டவணையைப் பற்றிய நிபந்தனை, எதைக் கொண்டு இணைப்பது என்று சொல்லும் 'ஆன்' பகுதியில்தான் இருக்க வேண்டும். இதில் நான் தடுமாறாத ஆண்டு கிடையாது.

ஆனால் எதுவுமே செலுத்தாதவர் பட்டியல் உங்களுக்குப் போதுமானதா என்று யோசியுங்கள். ஒரு தவணை கட்டிவிட்டு இரண்டாவதைக் கட்டாதவர் அதில் வரமாட்டார். காரியக்காரர்கள் (ஊர் நிர்வாகிகள்) கேட்பது அநேகமாகப் பாக்கிப் பட்டியலாகத்தான் இருக்கும். அதற்கு, முன்பு சொன்ன உள்வினவலின் தொகையைப் புள்ளிக்குரிய 2,000 ரூபாயிலிருந்து கழிக்க வேண்டும். ரசீதே இல்லாதவருக்கு அந்தத் தொகை நல்லாக வரும், 2,000இலிருந்து 'தெரியாது' என்பதைக் கழித்தால் விடையும் 'தெரியாது' என்றாகிவிடும் என்பதால், 'கோயலெஸ்' என்ற செயற்கூறு கொண்டு அதைச் சுழியமாக்கிய பிறகே கழியுங்கள். வந்த விடையைச் சரிபார்ப்பது எளிது. 412 புள்ளிகளுக்கு 2,000 வீதம் வர வேண்டியது 8,24,000. வந்தது 6,38,000. பாக்கிப் பட்டியலின் கூட்டுத்தொகை 1,86,000 ரூபாயாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் எங்கோ பிசகு இருக்கிறது. உபயங்களைத் தனி அட்டவணைக்கு மாற்றிவிட்டு, வசூல் அட்டவணையில் புள்ளி எண் வெறுமையாக இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்துவிட்டால் இந்தத் தொல்லை இனி வராது. புள்ளி எண்ணை அயல் சாவியாகவும், அதாவது புள்ளி அட்டவணையில் உள்ள எண்ணாகவே இருக்க வேண்டும் என்றும், அறிவித்துவிடுங்கள். இல்லாத புள்ளிக்கு யாராவது ரசீது பதிய முயன்றால் 1452 என்ற பிழையோடு தரவுத்தளமே தடுத்துவிடும்.

கேள்விக்குறிகளைப் பற்றி இப்போதைக்கு ஒரு வேண்டுகோள்: பழைய வழங்கியை இன்னும் மூடவில்லை என்றால் மூடாதீர்கள். திரையில் தெரியும் கேள்விக்குறி இரண்டு நிலைகளில் ஒன்றைக் குறிக்கலாம். எழுத்துகள் உள்ளே நலமாக இருந்து, வெளியே கொண்டுவரும் இணைப்பு மட்டும், தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத லத்தீன்1 குறிமுறையில் (எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறை) இருப்பது ஒன்று. சேமிக்கும்போதே தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாற்றப்பட்டு, அவையே உள்ளே கிடப்பது மற்றொன்று. எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்தே அறிய வேண்டும். சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் 'ஹெக்ஸ்' என்ற செயற்கூறுக்குள் பெயர்ப் புலத்தை இட்டு ஒரு வரிசையை எடுத்துப் பாருங்கள். விடை இ0ஏஇ (E0AE) அல்லது இ0ஏஎஃப் (E0AF) என்று தொடங்கினால், மகிழ்ச்சி. யூடிஎஃப்8 குறிமுறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், அவற்றின் முதல் இரண்டு அவைதாம், ஆகவே தரவு பத்திரமாக இருக்கிறது. உங்கள் நிரல் தரவுத்தளத்தோடு இணையும்போது குறிமுறை யூடிஎஃப்8எம்பி4 என்று சொன்னால் பெயர்கள் திரும்பிவிடும். 3எஃப், 3எஃப் (3F) என்று வரிசையாக வந்தால், கேள்விக்குறியே சேமிக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டளையாலும் அதிலிருந்து பெயரை மீட்க முடியாது, பழைய வழங்கியிலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டும். மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு: கேள்விக்குறி இல்லாமல், மேலே கொம்பும் வளையமும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிவது. அது இருமுறை குறியேற்றம் ஆன தரவு. பார்க்க அச்சுறுத்தும், ஆனால் பைட்டுகள் இழக்கப்படாததால் பெரும்பாலும் திருப்பி மாற்றிவிடலாம். மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பு முதல்தான் யூடிஎஃப்8எம்பி4 இயல்பான குறிமுறையாயிற்று; அதற்கு முந்தைய பதிப்புகளில் இயல்பானது லத்தீன்1. உங்கள் இடமாற்றத்தில் இந்த வேறுபாடு குறுக்கிட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய ரசீதுகளைப் பெயரை வைத்து இணைக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. கேள்விக்குறிகள் இருக்கும்வரை கண்டிப்பாகக் கூடாது. மெய்யப்பன் என்ற பெயர் நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் ஒற்றெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்து குறிகள். லெட்சுமணன் என்பதும் பத்து குறிகள். இரண்டும் அழிந்தால் இரண்டும் பத்துப் பத்துக் கேள்விக்குறிகள். தரவுத்தளத்துக்கு இருவரும் ஒருவரே. மெய்யப்பனின் ரசீது லெட்சுமணனுக்கு வரவாகும். இதே காரணத்தால், பெயர்ப் புலத்தின் நீளத்தை இருபது என்று வைத்திருந்தால் அது நாம் நினைக்கும் இருபது எழுத்துகளுக்குப் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயர்கள் நலமாக இருந்தாலும் என் விடை மாறாது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது உங்கள் வழக்கம். அண்ணன் தம்பி இருவர் வீட்டிலும் மூத்த மகனுக்கு ஒரே பெயர் அமைவது எவ்வளவு இயல்பு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். விலாசத்தை, அதாவது பெயருக்கு முன் இடும் குடும்ப முதலெழுத்துகளை, சேர்த்தால் தனித்தன்மை கிடைத்துவிடும் என்கிறீர்கள். பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் விலாசத்தின் எழுத்துகளை ஒரு ரசீதில் முற்றுப்புள்ளியோடும் இன்னொன்றில் இடைவெளியோடும் எழுதியிருப்பார்கள். சுவீகாரம் போனவரின் விலாசம் மாறியிருக்கும். கண்ணுக்கே தெரியாத வேறுபாடும் உண்டு: சொக்கலிங்கம் என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பைட்டுகளை ஒப்பிட்டால் வெவ்வேறு பெயர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான பழைய பட்டியல்களோ, எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே நிற்கும். ஆகவே பெயரைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், இணைப்பதற்கு அன்று. பெயர் ஒத்துவரும் வரிசைகளை ஒரு தற்காலிக அட்டவணையில் இட்டு, இது இன்ன புள்ளியின் ரசீதா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்து சொல்லச் சொல்ல, புள்ளி எண்ணைக் கையால் பதியுங்கள். சில நாள் வேலைதான். ஒருமுறை செய்தால் போதும்.

பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆவது குறித்து நான் சொல்வதை ஊகமாகவே கொள்ளுங்கள். சில ஆயிரம் வரிசைகள் தரவுத்தளத்துக்கு ஒரு பொருட்டே அன்று. ஆகவே மென்பொருளை மாற்றுவதால் பயன் இருக்காது. உங்கள் நிரல் முதலில் 412 புள்ளிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே தரவுத்தளத்திடம் திரும்பிப் போய்ப் பாக்கி எவ்வளவு என்று கேட்கிறதா என்று பாருங்கள். வழங்கி வெளிநாட்டில் இருந்து, ஒரு முறை போய்வர ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆனால், 412 முறைக்கு எண்பது நொடிக்கு மேலாகிவிடும். ஒவ்வொரு வினவலும் வேகமாகவே ஓடியிருக்கும். தாமதம் பயணத்தில் இருக்கிறது. அப்படி இல்லை என்றால், வினவலின் முன்னால், அது ஓடும் விதத்தைக் காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' என்பதை இட்டு ஓட்டிப் பாருங்கள். புள்ளி எண்ணில் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டு) இல்லாததும், இணையும் இரண்டு புலங்களில் ஒன்று லத்தீன்1 ஆகவும் மற்றது யூடிஎஃப்8எம்பி4 ஆகவும் இருந்து இண்டெக்ஸ் பயன்படாமல் போவதும், கைபேசி எண்ணை எழுத்தாகச் சேமித்துவிட்டு எண்ணாக ஒப்பிடுவதும் நான் அடிக்கடி கண்டவை.

திருத்தத் தொடங்கும் முன் முழுப் பிரதி ஒன்று எடுத்து, அதை வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, தமிழ்ப் பெயர்கள் சரியாக வருகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதியை நான் பிரதியாகவே கருதுவதில்லை. வரிசைகளை மாற்றும் எந்தக் கட்டளையையும் பரிவர்த்தனைக்குள் (உறுதிசெய்யும்வரை திரும்பப் பெறக்கூடிய மாற்றத் தொகுதிக்குள்) வைத்து, எத்தனை வரிசைகள் மாறின என்று படித்த பிறகே உறுதிசெய்யுங்கள். பணியின் மூன்றாம் ஆண்டில், ஒரு வணிகரின் கிட்டங்கிச் சரக்குப் பட்டியலில் ஒரே ஒரு பொருளின் விலையை மாற்றப் போய், 'வேர்' பகுதியை எழுத மறந்து, அத்தனை சரக்குக்கும் ஒரே விலையை வைத்துவிட்டேன். முந்தின இரவுப் பிரதியை ஏற்றிவிட்டு, அன்றைய விற்பனையை நகல் பில்களைப் பார்த்து நானே மாலைவரை உட்கார்ந்து பதிந்தேன். அட்டவணைகள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருந்தால்தான் பரிவர்த்தனை செல்லும். பழைய மைஐசாம் வகையாக இருந்தால் திரும்பப் பெறும் கட்டளையால் எதுவும் திரும்பாது. அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகள் மைஎஸ்க்யூஎல்லில் தாமாகவே உறுதியாகிவிடும் என்பதால், அவற்றை மற்றத் திருத்தங்களோடு கலக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாக்கித் தொகை 1,86,000 ரூபாயாக வரவில்லை என்றால், மூன்று அட்டவணைகளின் உருவாக்கக் கட்டளைகளையும், 'ஹெக்ஸ்' தந்த விடையில் இரண்டு மூன்று வரிசைகளையும், இப்போது ஓட்டும் வினவலையும் இங்கே இடுங்கள். ஊராரின் பெயர்களையும் கைபேசி எண்களையும் நீக்கிவிட்டு இடுங்கள். போன முறை ஒட்டிய விடையில் ஏழு பேருடைய எண்கள் அப்படியே தெரிகின்றன, முதலில் அவற்றை அழித்துவிடுங்கள்.